துவர்ப்பு செய்யும் வேலை: குழந்தைகளின் பற்படலமும் மூலிகைக் கொப்பளிப்பும்

ஊட்டி பீட்ரூட் ஒன்றைத் தோல் சீவி, விரல் பருமனுக்கு ஒரு துண்டு நறுக்கி, எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்து, வாய் முழுவதும் படும்படி ஒரு நிமிடம் மெல்லச் சொல்லுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரே ஒரு முறை கொப்பளிக்க வைத்து, கண்ணாடியின் முன் நிறுத்தி, உதட்டை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கும் உதடும் சிவந்திருப்பது இயல்புதான், அவற்றை விட்டுவிடலாம். பல்லை மட்டும் கவனித்தால், நடுப்பகுதி பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்க, ஈறை ஒட்டிய ஓரத்திலும், இரண்டு பற்களுக்கு நடுவிலும், கடைவாய்ப் பற்களின் பள்ளங்களிலும் இளஞ்சிவப்புச் சாயம் பிடித்து நிற்பது தெரியும். அந்தச் சாயம் பல்லில் ஏறியதன்று. பல்லின் மேல் ஒட்டியிருக்கும், வழக்கமாக நம் கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு மெல்லிய படலத்தில் ஏறியது.

பல் மருத்துவர்கள் பிளேக் என்று சொல்வதைத்தான் தமிழில் பற்படலம் என்கிறோம். இதையே பலர் காரை என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் காரை என்பது பிந்திய கட்டம். துலக்காமல் விட்ட படலத்தில் எச்சிலிலுள்ள சுண்ணச்சத்து படிந்து, இறுகி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ கல்லைப் போல ஆனதே காரை. அதை மருத்துவர் கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க முடியும். படலம் அப்படியன்று, மென்மையானது. நகத்தால் வழித்தால் வெண்ணெயைப் போல வந்துவிடும்.

கோத்தகிரிப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு இந்தப் பீட்ரூட் சோதனை ஆண்டுக்கு ஒரு வகுப்பை எளிதாக்கிவிடுகிறது. சோதனை நடந்த வாரத்தில் பெற்றோர் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: “டீச்சர், காடு பூரா மூலிகை இருக்கிற ஊர்ல இருந்துகிட்டு, கடையில விக்கிற மவுத்வாஷை எதுக்கு வாங்கணும்? நம்ம கடுக்காய் போதாதா?” நியாயமான கேள்விதான். ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கடுக்காயால் எது ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க, அந்தப் படலம் பல்லின் மேல் எப்படி வந்து உட்காருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

படலம் பிடிக்கும் விதம்

நன்றாகத் துலக்கிய பல்லும் சில நிமிடங்களுக்கு மேல் வெறும் பல்லாக இருப்பதில்லை. எச்சிலிலுள்ள புரதங்கள் பல்லின் மேற்பரப்பில் கண்ணாடித்தாளைப் போல உடனே படிந்துவிடுகின்றன. இதனால் கேடு ஒன்றும் இல்லை. பல்லுக்கு இது ஒரு மேற்பூச்சு. ஆனால் இந்தப் பூச்சுதான் கிருமிகளுக்குப் பிடிமானமாகவும் அமைகிறது. அடுத்த சில மணி நேரத்தில் வாயிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. அவற்றுள் சொத்தைக்கு முதன்மையான காரணம் என்று நெடுங்காலமாகச் சுட்டப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

இந்தக் கிருமி சர்க்கரையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒரு பங்கைத் தின்று, லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகிறது. இன்னொரு பங்கைத் தன்னிடமுள்ள ஒரு நொதியைக் கொண்டு பசையாக மாற்றிக்கொள்கிறது. குளுக்கான் எனப்படும் இந்தப் பசை தண்ணீரில் கரைவதில்லை. கிருமிகளைப் பல்லோடும், ஒன்றை இன்னொன்றோடும் சேர்த்துக் கட்டுகிறது. வாய் கொப்பளித்தால் சோற்றுப் பருக்கை வருகிறது, படலம் வருவதில்லை என்பதற்கு இந்தப் பசைதான் காரணம்.

அமிலத்தின் வேலை இதைவிட அமைதியானது. வாயின் காரகாடித் தன்மை (pH) வழக்கமாக 7-ஐ ஒட்டி இருக்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில், படலத்துக்கு அடியில் அது 5.5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே பல்லின் எனாமலிலிருந்து சுண்ணச்சத்து கரைந்து வெளியேறத் தொடங்கும். எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தை அடக்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இழந்த சுண்ணச்சத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் சேர்க்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. எங்கள் ஊர்க் குழந்தைகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள்: எழுந்ததும் சர்க்கரை போட்ட தேநீர், இடைவேளையில் ஒரு மிட்டாய், நான்கு மணிக்கு மீண்டும் தேநீரும், மைதாவில் சுட்ட மொறுமொறுப்பான வர்க்கியும், குளிருக்கு இதமாக இரவில் இன்னொரு குவளை; விருந்தினர் வந்துபோன வீடென்றால் தட்டில் மிஞ்சிய ஊட்டிச் சாக்லேட். இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களில் இன்றும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்கள். சொல் மாறினாலும் சர்க்கரை மாறுவதில்லை. இவற்றுள் எனக்குப் பெரிய குற்றவாளியாகத் தோன்றுவது சாக்லேட் அன்று, வர்க்கி. சாக்லேட் உருகி இறங்கிவிடும். வர்க்கியின் மைதா மாவோ பின்பற்களின் பள்ளத்தில் பசையாக அப்பிக்கொண்டு, எச்சிலின் நொதியால் சர்க்கரையாக உடைந்து, நெடுநேரம் கிருமிகளுக்குத் தீனி போட்டபடியே இருக்கும்.

இதில் மலைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குழாய் நீர் பல்லில் பட்டாலே கூசும். குழந்தைகள் பிரஷை வாயில் வைத்து நான்கு இழுப்பு இழுத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். பல் துலக்க ஒரு குவளை வெந்நீர் எடுத்து வைப்பதை எந்த மூலிகைக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வைத்தியம் என்று நான் சொல்வேன்.

படலத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை 1965-இல் டென்மார்க்கில் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் வீக்கம் வடிந்தது. பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று வீடுகளில் சொல்கிறோமே, அந்தப் பூச்சியை யாரும் பார்த்ததில்லை. இருப்பது இந்தப் படலமும் அதற்குள் சுரக்கும் அமிலமும்தான்.

துவர்ப்பு

இனி மூலிகைக்கு வருவோம். பச்சை நெல்லிக்காயையோ கடுக்காய்த் தோலையோ ஒரு கடி கடித்து மென்றுவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு போய், துணியைத் துணியில் தேய்த்ததுபோல வறண்டு உராயும். இதுதான் துவர்ப்பு. நாக்கில் உறைக்கும் சுவை என்பதைவிட, வாய்க்குள் நடக்கும் ஒரு வேதிவினை என்றே இதைச் சொல்ல வேண்டும். துவர்ப்புப் பொருள்களிலுள்ள டேனின்கள் எச்சிலின் புரதங்களைப் பிடித்துத் திரித்துவிடுவதால் வாயின் வழுவழுப்பு போகிறது. இதே டேனின்கள், கிருமிகள் சர்க்கரையைப் பசையாக்கப் பயன்படுத்தும் நொதியையும் பிடித்து முடக்குகின்றன. அந்த நொதியும் ஒரு புரதம்தானே. கிருமி பல்லில் ஒட்டுவதும் இதனால் குறைகிறது. சில தாவரப் பொருள்கள் கிருமிகளின் வளர்ச்சியையும் ஓரளவு தடுக்கின்றன என்றாலும், குழந்தைகளுக்கான கொப்பளிப்பு நீரில் நமக்கு உதவுவது பெரும்பாலும் இந்த ஒட்டவிடாத குணமே.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒட்ட வரும் கிருமியைத் தடுப்பது ஒரு வேலை. ஒட்டிப் பசை போட்டு அமர்ந்துவிட்ட படலத்தைப் பெயர்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் துவர்ப்பு உதவுகிறது, இரண்டாவதில் உதவுவதில்லை. கிருமிகளை முதன்முதலில் கண்ணால் கண்டவர்களுள் ஒருவரான லீவன்ஹூக் என்ற டச்சுக்காரர் 1683-இல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இதைக் குறித்திருக்கிறார். கடுமையான வினிகரால் தம் வாயைக் கொப்பளித்த பிறகும், பல்லிடுக்கிலிருந்து வழித்தெடுத்த அழுக்கில் உயிர்கள் நெளிவதை அவர் கண்டார். அதே அழுக்கை வெளியே எடுத்துக் கலைத்து, வினிகரைச் சேர்த்ததும் அவை உடனே செத்தன. வாய்க்குள் வினிகர் அழுக்கின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு செய்தார். வினிகரின் இடத்தில் கடுக்காய்க் கஷாயத்தை வைத்தாலும் செய்தி மாறாது. வேண்டுமானால் பீட்ரூட் சாயம் ஏறிய பல்லைக் கஷாயத்தால் கொப்பளிக்க வைத்துப் பாருங்கள். சாயம் சற்று வெளுக்கலாம், ஆனால் படலம் இருக்குமிடத்தில் அப்படியே இருக்கும். பிரஷை எடுத்து ஈறோரமாக நான்கு முறை சுழற்றினால் போய்விடும்.

அப்படியானால் கொப்பளிப்பால் பயனே இல்லையா? உண்டு, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பல் மருத்துவத்தில் கொப்பளிப்பு நீர்களுக்கெல்லாம் உரைகல்லாக வைக்கப்படுவது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. அது பல்லில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்லக் கசிந்து வேலை செய்யும். ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் சுவை மாறும். ஆகவே நீண்ட நாள் பயன்பாட்டுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, அது உகந்ததன்று. மாற்றுத் தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டவற்றுள் ஒன்று, கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் சேர்ந்த நம் திரிபலா. 2011-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், 8 முதல் 12 வயது வரையுள்ள 1,431 பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீரும், ஒரு குழுவுக்கு 0.6 விழுக்காட்டுத் திரிபலா நீரும், மற்றொன்றுக்கு 0.1 விழுக்காட்டுக் குளோர்ஹெக்சிடினும் கொடுத்து, ஒன்பது மாதம் கவனித்தார்கள். படலத்தைக் குறைப்பதிலும் ஈறு வீக்கத்தைக் குறைப்பதிலும் திரிபலா குளோர்ஹெக்சிடினுக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது.

இத்தகைய ஆய்வுகளில் படலம் குறைந்தது என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1964-இல் வகுக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறை இன்றும் வழக்கில் உள்ளது: படலம் இல்லையென்றால் 0, கருவியால் வழித்தால்தான் தெரியும் என்றால் 1, கண்ணுக்கே தெரிந்தால் 2, ஈறோரத்தில் தடித்துக் கிடந்தால் 3. பல பற்களில் எடுத்த மதிப்பெண்களின் சராசரி இறங்கினால் படலம் குறைந்தது என்று பொருள். படலம் குறைந்ததாலேயே சொத்தை குறைந்தது என்று ஆகிவிடாது. சொத்தை விழ மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும், மூலிகை ஆய்வுகளில் பலவும் சில வாரங்களிலேயே முடிந்துவிடுகின்றன. மூலிகை மவுத்வாஷ் சொத்தையை ஒழிக்கும் என்று அட்டையில் அச்சடித்திருந்தால் அதைக் கடைக்காரர் வாக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

திரிபலாவின் மூன்று காய்களும் எங்களுக்குத் தொலைவில் இல்லை. கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் கடுக்காய் மரத்தைப் பார்க்க முடியாது. மசினகுடி, சீகூர்ப் பக்கத்து வறண்ட காடுகளிலும், பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் வளர்கின்றன. சிறு வன மகசூலாகப் பழங்குடி மக்கள் இவற்றைச் சேகரித்துக் கொண்டுவருவது நெடுநாள் வழக்கம். “சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு” என்ற பழமொழிப்படி கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டியில் அதைக் காய்ச்சக் கூடாது. கடுக்காயின் டேனினும் இரும்பும் சேர்ந்தால் கன்னங்கரேலென்று மையாகிவிடும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து எழுதும் மை தயாரித்த முறையும் இதுதான். மண் சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். இதே காரணத்தால், இரத்தசோகைக்கு இரும்புச் சத்து மருந்து குடிக்கும் குழந்தை, மருந்து குடித்த கையோடு கடுக்காய் நீரால் கொப்பளித்தால் பல்லில் கருங்கறை படியக்கூடும்; இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும்.

கடுக்காயைத் தேடிப் போக வேண்டாம், வாசலுக்கு வெளியே விளைவதே போதும் என்பவர்களுக்குத் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலையில் கேட்டக்கின் என்ற பொருள்கள் நிறைந்திருக்கின்றன. கடுக்காயின் டேனினைப் போலவே இவையும் கிருமியின் பசை நொதியை முடக்குகின்றன. அதோடு, மாவைச் சர்க்கரையாக உடைக்கும் எச்சில் நொதியையும் மட்டுப்படுத்துகின்றன. வர்க்கிக்கு எதிரி அதன் பக்கத்திலேயே குவளையில் ஆவி பறக்க நிற்கிறது, சர்க்கரை போட்டு அதைக் கெடுத்துவிடுகிறோம்! கறுப்புத் தேயிலையாகப் பதப்படுத்தும்போது கேட்டக்கின்களில் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறினாலும், அவற்றுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடையும் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். கொழுந்தில் குறைவாகவும் முற்றிய இலையில் கூடுதலாகவும் அது இருக்கும். சர்க்கரையும் பாலும் சேர்க்காத இளஞ்சூட்டுத் தேநீரை வாயில் கொப்பளித்துத் துப்புவது, குழந்தைக்கு ஒரு குவளைத் தேநீரைக் குடிக்கக் கொடுப்பதைவிடப் பலவிதத்தில் மேல். உணவிலுள்ள இரும்புச் சத்தைத் தேநீர் உடலில் சேரவிடாது, காஃபின் தூக்கத்தைக் கெடுக்கும். துப்பிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. என்னைக் கேட்டால், முதலில் தொடங்குபவர்களுக்கு இதுவே எளிது என்பேன்.

துளசி, கொய்யாக் கொழுந்து, மாதுளம் ஓடு, கருவேலம் பட்டை ஆகியவையும் துவர்ப்பு அல்லது கிருமி எதிர்ப்பு காரணமாக ஆராயப்பட்டவையே. ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொன்னவர்கள் துவர்ப்பை நன்கு அறிந்திருந்தார்கள். வேம்பைப் பற்றியும் கேட்பார்கள். எங்கள் உயரத்தில் நல்ல வேப்ப மரத்தைப் பார்க்க மலையை விட்டு இறங்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, அதன் கசப்பைக் குழந்தைகள் இரண்டாவது நாள் தாங்குவதில்லை. இலைக் கஷாயத்தோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும்; வேப்பெண்ணெய் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

தைலம் வேறு, கஷாயம் வேறு

எண்ணெய் என்றதும் நீலகிரியில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊட்டிக்கு வருபவர்கள் வாங்காமல் திரும்பாத நீலகிரித் தைலம், யூகலிப்டஸ் மரத்தின், அதாவது நாங்கள் கற்பூர மரம் என்று சொல்வதன், இலையிலிருந்து வடிப்பது. 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மரம் இது. இப்போது மலையின் மணமே அதுதான். சளிக்கும் தலைவலிக்கும் தைலத்தை நம்பும் வீடுகளில், ‘பல்லுக்கும் ரெண்டு சொட்டு’ என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கான சில மவுத்வாஷ்களில் யூகலிப்டால், தைமால், மெந்தால் ஆகியவை இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் இருப்பது மிகச் சிறிய, அளந்து சேர்த்த அளவு. வீட்டிலுள்ள புட்டியில் இருப்பது கலப்பில்லாத எண்ணெய். அது தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, முதல் மிடறிலேயே மொத்தமாக வாய்க்குள் போய்விடும். யூகலிப்டஸ் எண்ணெய் சில மில்லிலிட்டர் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம்.

அதைவிடக் கொடியது, அதே கடைகளில் அதே அளவுப் புட்டியில் மூட்டுவலிக்காக விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய். நீலகிரிச் சோலை ஓரங்களில் தானாகவே வளரும் ஒரு புதரிலிருந்து வடிப்பது அது. ஆஸ்பிரினோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்தான் ஏறக்குறைய முழுவதும். ஒரே ஒரு தேக்கரண்டி உள்ளே போவது ஒரு சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். மணம் மிட்டாயைப் போல இனிமையாக இருப்பதால் குழந்தைகள் தாமாகவே அதை நாடுவதும் உண்டு.

என் வகுப்பில் ஒரு பையன், பாட்டி தைலத்தை வெந்நீரில் விட்டுக் கொப்பளிக்கக் கொடுப்பதாகப் பெருமையோடு சொன்னான். அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை, “நாங்க எல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம், டீச்சரம்மா” என்றார். புட்டியைக் கையில் வாங்கி, அதன் மூடியை நிரப்பிக் காட்டி, இவ்வளவு உள்ளே போனாலே ஆபத்து என்றதும், அவரே அதை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். கிராம்பு எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பர்லியாறு அரசுத் தோட்டத்தில் விளையும் கிராம்பைக் கஷாயத்தில் ஒன்று போடலாம், குழம்பில் போடுவதுபோல. வடித்த எண்ணெயைக் குழந்தையின் வாயில் விடக் கூடாது. இந்த எண்ணெய்களுள் எதையாவது குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பைப் பற்றி ஒரு வரி: விழுங்காமலும் மூச்சுக்குழாயில் போகாமலும் எண்ணெயை வாயில் வைத்திருப்பது பெரியவர்களுக்கே பழக வேண்டிய வித்தை, குழந்தைகளுக்கு வேண்டாம்.

வீட்டில் செய்வதென்றால்

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எந்தக் கொப்பளிப்பு நீரும் தேவையில்லை, மூலிகையாக இருந்தாலும் சரி. அவர்களுக்குத் துப்பும் திறமை இன்னும் முழுதாக வந்திருக்காது. வாயில் போனது பெரும்பாலும் வயிற்றுக்குத்தான் போகும். ஆறு வயதானதாலேயே திறமை வந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். ஐந்து மில்லிலிட்டர் வெறும் தண்ணீரை, மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியால் அளந்து, குழந்தையின் வாயில் விட்டு, முப்பது விநாடி இரு கன்னத்துக்கும் மாறி மாறி அலசச் செய்து, ஒரு குவளையில் துப்பச் சொல்லுங்கள். துப்பியதை மறுபடி அதே மூடியில் ஊற்றி அளந்தால், எச்சிலும் சேர்ந்திருப்பதால், ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் குழந்தை விழுங்கியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

கஷாயத்துக்கு அளவு பெரிய கணக்கன்று. ஆய்வில் பயன்படுத்திய 0.6 விழுக்காடு என்பது அரை லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிராம் பொடி, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. வீட்டில் காய்ச்சும் கஷாயம் ஆய்வில் தந்த நீருக்கு அப்படியே சமம் என்று சொல்ல முடியாது. ஆனால் அளவை அதற்கு மேல் ஏற்றுவதால் துவர்ப்பும் கறையும் கூடுமே தவிர வேறு நன்மை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியில் பத்து நிமிடம் காய்ச்சுவதை இங்கே இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக் காய்ச்சலாம். மெல்லிய வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, குழந்தையின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அன்றைக்குச் செய்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மூலிகைக் கஷாயத்தைப் புட்டியில் நிரப்பி ஒரு வாரம் வைத்தால், கிருமியை விரட்டச் செய்தது கிருமிக்கே தொட்டியாகிவிடும். மலைக்குளிரை நம்பிக் குளிர்சாதனப் பெட்டியாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. தேனோ கருப்பட்டியோ சேர்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன், சேர்த்துக் கொடுத்த வீடுகளைப் பார்க்கும் வரை. எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதன் புளிப்பே எனாமலைக் கரைக்கும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பல் துலக்கிய கையோடு கொப்பளிப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் சொத்தையைத் தடுப்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டப்பட்டது ஃபுளோரைடு பற்பசைதான். அது பல்லில் சற்று நேரம் தங்க வேண்டும். துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரோ கஷாயமோ விட்டு அலசாமல் விடுவதே நல்லது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு பற்பசை போதும். அப்படியானால் கஷாயம் எப்போது? பள்ளி விட்டு வந்து, தேநீரும் பலகாரமும் ஆனதும், முதலில் வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு, பிறகு ஐந்து முதல் பத்து மில்லிலிட்டர் கஷாயத்தை அரை நிமிடம் வைத்திருந்து துப்பலாம். ‘மாலை கடுக்காய்’ என்று சித்த மருத்துவம் சொல்வது உண்பதைப் பற்றித்தான்; பொழுது பொருந்திவருவதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. இரவு படுக்கும் முன் பிரஷும் பற்பசையும், அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. எட்டு வயது வரை இரவுத் துலக்கலைப் பெரியவர் ஒருவர் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. சட்டைப் பொத்தானைத் தானே சரியாகப் போட்டுக்கொள்ளாத கை, கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைச் சரியாகத் துலக்காது.

சில வாரம் தொடர்ந்தபின் பல்லில் பழுப்பு நிழல் தட்டினால் அது துவர்ப்பின் கறை. கொப்பளிப்பை நிறுத்தினால் மேலும் ஏறாது, இருப்பதை மருத்துவர் மெருகிட்டு எடுத்துவிடுவார். வாயில் எரிச்சலோ, உதட்டில் தடிப்போ, புண்ணோ வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

ஈறோரத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோல மங்கிய வெள்ளைப் புள்ளி தெரிந்தால், எனாமல் சுண்ணச்சத்தை இழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது இன்னும் மீட்கக்கூடிய கட்டம். பல் மருத்துவர் ஃபுளோரைடு பூச்சு வைத்து அதை நிறுத்த முடியும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் கடுக்காயும் தேயிலையும் அதை நிரப்பப் போவதில்லை. இதில் பெரும்பாலான வீடுகள் ஏமாறுவது ஒரே பல்லில்தான். ஆறு வயது வாக்கில், பால் பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு புதிய கடைவாய்ப் பல் சத்தமின்றி முளைக்கும். விழுந்து முளைக்கவில்லையே என்பதால் அதையும் பால் பல் என்றே எண்ணி, ‘எப்படியும் விழப்போற பல்லுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, ஆயுள் முழுவதற்கும் உள்ள முதல் நிலைப்பல் அது. முழுதாக மேலே வர மாதக்கணக்காகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே நிற்பதால் பிரஷின் தலை அதன் மேல் படாமலே கடந்துபோகும். ஆறு வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், இன்றிரவு கைவிளக்கை எடுத்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் பாருங்கள். பிரஷைப் பக்கவாட்டிலிருந்து குறுக்காகச் செலுத்தினால் அந்தப் பல்லின் பள்ளம் வரை அது எட்டும்.